மூடிக்குள் ஒரு கையெழுத்து

— செத்துப்போச்சு. அறிக்கையில இதுக்கு மேல ஒரு வார்த்தை கூடுதலா எழுதாதே. இந்த ஸ்டியரிங் செத்துப்போச்சு, அவ்வளவுதான்.

— அத்தான், முதல்ல கார் கதவைச் சாத்துங்க. காத்துல மண்ணு உள்ளே வருது. இன்னும் ஒரே ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்களேன்.

— ஆறு சுத்து போயாச்சு. ஏழாவது சுத்துல உயிர் வந்துடுமா? மூணாவது வளைவுல ரெண்டு சிமெண்டுத் தளம் சேர்ற இடம் இருக்கே, காட்சிக்கூடத்துல நிக்கிற நம்ம பழைய சிவப்பு வண்டியில அந்த இடம் வந்தா என் சுண்டுவிரல்ல வந்து மெதுவா ஒரு தட்டு தட்டும். ‘ஐயா, தரை மாறுது, பார்த்துக்கோ’ன்னு சொல்ற மாதிரி. ஒருநாள்கூட அது சொல்லாம விட்டதில்லை.

— இன்னிக்கு?

— இன்னிக்கு ஊமை.

— ஒண்ணுமே தெரியலையா? லேசாக்கூட?

— நீ செஞ்ச ஸ்டியரிங்னு மனசு கஷ்டப்படாதே, இன்ஜினியரம்மா. வீட்டுக்குப் போய் உங்க அக்காகிட்ட, ‘உன் புருஷன் என் மானத்தை வாங்கிட்டாரு’ன்னு ஒப்பாரி வைக்காதே. எனக்கு ரெண்டு நாளைக்குக் காபி கிடைக்காது.

— கேலி அப்புறம். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. லேசாக்கூடத் தெரியலையா?

— தெரியலை. போதுமா? மெத்தையைப் பிடிச்சுத் திருப்புற மாதிரி இருக்கு. எத்தனை தடவை கேட்பே?

— சரி. கேட்கலை.

— எனக்கு மட்டும் சந்தோஷமா? நம்ம கம்பெனிக்கு ஒரு பேரு இருந்துச்சும்மா. பணக்காரன் பின்சீட்டுல சாய்ஞ்சு உட்கார்ற வண்டியை ஊர்ப்பட்ட கம்பெனிக்காரன் செய்வான். பணக்காரன் டிரைவருக்கு லீவு கொடுத்துட்டு, தானே ஓட்டணும்னு ஆசைப்படுற வண்டியை நாம மட்டும்தான் செஞ்சோம். இப்போ பாரு. சீட்டு முதுகைப் பிடிச்சு விடுது. முன்னாடி சினிமாக் கொட்டகை மாதிரி ஒரு திரை. இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுறான். உறுமலை ரெக்கார்டு பண்ணிப் போட்டா அது புலியா, பொம்மையா?

— அந்த ஸ்பீக்கர் வேண்டாம்னு மீட்டிங்கில எழுந்து சொன்னவ நான் ஒருத்திதான். அதுல உங்க கட்சிதான். ஆனா மத்ததுல இல்லை. நம்ம வண்டியை வாங்குறவங்க தினமும் ரெண்டு மணி நேரம் சிக்னல்ல நிக்கிறாங்க. இடுப்பு விட்டுப்போகுதுன்னு எழுதுறாங்க. அவங்க முதுகைப் பிடிச்சு விட்டா அது ஒரு குத்தமா?

— உனக்கு ஒரு கதை சொல்லட்டுமா?

— வேண்டாம்னா விட்டுடுவீங்களா?

— ஒரு ராஜாகிட்ட காத்தாப் பறக்கிற குதிரை ஒண்ணு இருந்துச்சு. ஒரு மந்திரி வந்து, சேணம் ராஜாவுக்கு உறுத்துமேன்னு மேல மெத்தை போட்டான். இன்னொருத்தன் வெயில் படுமேன்னு குடை கட்டினான். மூணாமவன் தாகம் எடுக்குமேன்னு ரெண்டு பக்கமும் தண்ணிக்குடம் தொங்கவிட்டான். எதிரி துரத்திக்கிட்டு வந்த அன்னிக்கு ராஜா அவசரமா ஏறி உட்கார்ந்து, ‘ஓடு’ன்னாரு. குதிரை திரும்பிப் பார்த்துக் கேட்டுச்சாம்: ‘ஓடுறேன் மகாராஜா. நான் இப்போ குதிரையா, பல்லக்கா, அதை மட்டும் சொல்லிடுங்க.’

— கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க கதையில எல்லாரும் குதிரையையே பார்த்துக்கிட்டு இருக்காங்க.

— வேற எதைப் பார்க்கணும்?

— ஒண்ணுமில்லை. பன்னெண்டு மணிக்கு மேல்மாடியில டைரக்டருங்க கூடுறாங்க, அத்தான். தலைமை டெஸ்ட் டிரைவர் நீங்க ஆகாதுன்னுட்டா இந்த மாடல் வெளியே போகாது. என் பிரிவுல முப்பது பேரு நாலு வருஷம் உழைச்சது குப்பைக்குப் போயிடும்.

— அதுக்காக என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?

— இல்லை. உங்களுக்குப் பொய் வராதுன்னு தெரியும். எனக்குப் பயமே அதுதான்.

— என்ன பயம்? கடைசியா வந்த ரெண்டு மாடலைப் பத்திப் பத்திரிகைக்காரன் என்ன எழுதினான்? நீயே சொல்லு.

— ‘ஸ்டியரிங் கல்லாட்டம் கனக்கிறது, ஆனால் உயிர் இல்லை. ஓட்டத் தெரிந்தவனுக்கு வண்டி செய்வதை இந்தக் கம்பெனி மறந்துவிட்டது.’ எனக்கு மனப்பாடம்.

— பார்த்தியா! நான் சொன்னா கிழவன் புலம்புறான்னு சொல்லுவீங்க.

— அந்தக் கனத்தைக் கேட்டது யாரு, அத்தான்?

— நான்தான் கேட்டேன். நீங்க அனுப்பினது கையில பஞ்சு மாதிரி இருந்துச்சு.

— பதினோரு தடவை திருப்பி அனுப்பினீங்க. பழைய குறிப்பெல்லாம் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ‘இன்னும் கொஞ்சம் ஏத்து.’ ‘இன்னும் தெரியலை.’ ‘இன்னும்.’ இந்தக் கம்பெனிக்கு உங்க கைதான் தராசு. தராசைச் சந்தேகப்பட யாருக்குத் தைரியம்? கல்லாகிற வரைக்கும் ஏத்தினோம்.

— கனம் வேற, உயிர் வேற. மோட்டாரை வச்சுக் கனத்தை ஏத்தலாம், உயிரை ஏத்த முடியாது. எண்ணெய் அழுத்தத்துல ஸ்டியரிங் திரும்பின காலத்தோட அது போச்சு. சிவப்பு வண்டியோட போச்சு. என் கண்ணைக் கட்டி உட்கார வச்சுப் பாரு, நூறு வண்டிக்கு நடுவுல அந்த ஸ்டியரிங்கைத் தொட்டுச் சொல்லிடுவேன்.

— நிச்சயமா?

— என்னடி கேள்வி இது?

— அக்கா சொன்னா, நீங்க இப்பெல்லாம் பட்டன் வச்ச சட்டையே போடுறதில்லையாம்.

— பனியன் துணி சௌகரியமா இருக்கு.

— போன மாசம் அடுப்புல கொதிச்ச பாத்திரத்தை வெறுங்கையால இறக்கி வச்சீங்களாம். அவ கத்தின பிறகுதான் கையைப் பார்த்தீங்களாம்.

— உங்க அக்காவுக்கு என் கதையைப் பேசலைன்னா சோறு செரிக்காது. எத்தனையோ வருஷமா சக்கரத்தைப் பிடிச்ச கை, தோல் காய்ச்சுப் போயிருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வேலையைப் பாரு.

— அப்போ இந்த ஸ்டியரிங் ஆகாது. அதுதான் உங்க முடிவு.

— அதுதான்.

— ஆகாதுன்னா மூடிக்குள்ளே குறுக்குக் கோடு போடணும். அதைக் கழட்டி மேல கொண்டுபோய்க் காட்டணும். நீங்க ஆரம்பிச்ச வழக்கம்.

— எனக்கே பாடம் எடுக்கிறியா? பிடிச்சா கையெழுத்து, பிடிக்கலைன்னா குறுக்குக் கோடு. ஸ்டியரிங் தண்டுக்கு அடியில, வாங்குறவன் கண்ணுல ஆயுசுக்கும் படாத இடத்துல. இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு வண்டிக்குத்தான் கோடு போட்டிருக்கேன். இது ரெண்டாவது. ஸ்க்ரூ டிரைவரைக் கொடு.

— நான் கழட்டித் தர்றேன்.

— கொடுன்னா.

— மெதுவா. ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதான்.

— என்ன என் கையையே பார்க்கிறே? வழுக்குது. எந்த மகராசன் இவ்வளவு பொடி ஸ்க்ரூவா பார்த்து வாங்கினானோ... ம், வந்துடுச்சு. பேனாவைக் கொடு. ஏய், இரு இரு. இதுல ஏற்கெனவே என்னமோ எழுதியிருக்கு.

— படிங்க.

— என் கையெழுத்து. அடியில அந்தக் கோணல் கோடு. தேதி... பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின தேதி. இது காட்சிக்கூடத்துல நிக்கிற சிவப்பு வண்டியோட மூடியாச்சே! இதைக் கழட்டிட்டு வந்து இங்கே மாட்டியிருக்கே. விளையாட்டா இது?

— மூடி மட்டும் இல்லை, அத்தான்.

— வேற என்ன?

— தண்டு, அடியில இருக்கிற பல்சக்கரம், எண்ணெய் பம்பு, எல்லாமே சிவப்பு வண்டியோடது. நாலு நாள் படுத்துக் கிடந்து நானே மாட்டினேன். பிடிக்கிற சக்கரத்துக்கு மட்டும் புதுத் தோல் சுத்தினேன். இன்னிக்கு நீங்க ஆறு சுத்து ஓட்டினது என் ஸ்டியரிங்கை இல்லை. உங்களோடதை.

— பொய்.

— மூணாவது வளைவு வர்றப்பல்லாம் பக்கத்து சீட்டுல உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ‘இது நம்ம பழைய வண்டிடி, யாரை ஏமாத்துறே’ன்னு கத்துவீங்க, என் தலையில ஒரு குட்டு வைப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஆறு தடவையும் காத்துக்கிட்டு இருந்தேன்.

— தப்பா மாட்டியிருக்கே.

— நேத்து மத்த ரெண்டு டிரைவரையும் ஓட்ட விட்டேன். அவங்களுக்கும் எதையும் சொல்லலை. சிமெண்டு சேர்ற இடத்துல ரெண்டு பேருமே, ‘கையில என்னமோ தட்டுதே’ன்னாங்க.

— நேத்து நேத்துதான், இன்னிக்கு இன்னிக்குதான். டயர் புதுசு. பம்பு பல வருஷம் சும்மா கிடந்தது. எண்ணெய் குழாயில காத்துப் புகுந்திருக்கும். நூறு காரணம் இருக்கு.

— இருக்கலாம்.

— இருக்கலாம் இல்லை, இருக்கு. நீ மேல போய், ஸ்டியரிங்கைச் சரியா மாட்டலை, மறுபடியும் ஓட்டிப் பார்க்கணும்னு சொல்லு. நான் மூடியை மாட்டிட்டு வந்துடறேன்.

— அதையாவது நான் மாட்டுறேனே.

— என் கையெழுத்து இருக்கிற மூடி. நான்தான் மாட்டுவேன். இதோ, ஒண்ணு ஏறிடுச்சு. இன்னொண்ணு... சே, விழுந்துடுச்சு. அடியில ஒரே இருட்டு. சீட்டுக்குக் கீழே உருண்டிருக்கும், குனிஞ்சு பாரு. என்ன சிலையாட்டம் உட்கார்ந்திருக்கே? ஸ்க்ரூவைத் தேடுன்னா!

— விழலை, அத்தான்.

— பின்னே எங்கே?

— உங்க விரல் நடுவுலேயே இருக்கு.