நாலாவது ஆள் வரலை

ஆர்டரக்கா: இவரும் வேணாம். பட்டியல்ல பேரை அடிச்சிடுங்க தம்பி.

சர்வீஸ்: அக்கா, மனுஷன் இன்னும் வாசலைக்கூடத் தாண்டலை...

ஆர்டரக்கா: காதுல விழுந்தா விழட்டும். ரீஜனல் சேல்ஸ் மேனேஜர் வேலைக்கு வந்துட்டு வெயில்ல அலைய மாட்டாராமே.

சர்வீஸ்: மாட்டேன்னு எங்க சொன்னார்? அலையணுமான்னு கேட்டார்.

ஆர்டரக்கா: கேட்டப்போ மூஞ்சியைப் பாத்தீங்களா? வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி.

சர்வீஸ்: சரி, காலைல வந்தவர்? அவர் நல்லாத்தானே பேசினார்?

ஆர்டரக்கா: பேசினார். நாப்பது நிமிஷம் பேசினார். நாம விக்கறது தண்ணி மோட்டார். அதுல ஒரு தடவையாச்சும் மோட்டார்ங்கற வார்த்தை வந்துச்சா?

சர்வீஸ்: ...வரலை.

ஆர்டரக்கா: அவ்வளவுதான்.

சர்வீஸ்: இப்படியே எல்லாரையும் அடிச்சிட்டுப் போனா எப்படி? நாலு மணிக்கு ஹெட் ஆபீஸ்லேருந்து போன் வரும். ஒரு பேர் சொல்லியாகணும். இல்லைன்னா அவங்களே யாரையாவது அனுப்பிடுவாங்க.

ஆர்டரக்கா: அனுப்பட்டுமே. மூணு மேனேஜரைப் பழக்கி விட்டவளுக்கு நாலாவது என்ன பாரமா? வர்றவருக்கு எந்தக் கடை எங்க இருக்குன்னு சொல்லணும், எந்தக் கடைக்காரருக்கு எப்போ கோவம் வரும்னு சொல்லணும். ஒரு வருஷம் ஆனதும் அவர் பெரிய ஆபீஸுக்குப் போயிடுவார். நான் இங்கயே போன் எடுத்துட்டு இருப்பேன்.

சர்வீஸ்: அதுல உங்களுக்கு வருத்தமே இல்லையா?

ஆர்டரக்கா: எனக்கென்ன வருத்தம்... பதினாலு வருஷமா ஆர்டர் எழுதறவளை இன்டர்வியூ எடுக்கற நாற்காலில எதுக்கு உக்கார வெச்சாங்கன்னுதான் புரியலை.

சர்வீஸ்: கடைக்காரங்களைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்னாங்க.

ஆர்டரக்கா: ரிப்பேர் பாக்கற உங்களை?

சர்வீஸ்: மோட்டாரைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்னாங்க. மூணாவது ஆளைக் கூப்பிடவா?

ஆர்டரக்கா: கூப்பிடுங்க. யாரு, அந்தக் கோட்டுக்காரரா? இந்தப் புழுக்கத்துல கோட்டு போட்டுட்டு ஒரு மணி நேரமா உக்காந்திருக்கு பாவம். முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுங்க.

கோட்டு: உள்ள வரலாமா சார்? வணக்கம் மேடம்.

சர்வீஸ்: வாங்க வாங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும்.

கோட்டு: பரவாயில்லை சார். எதையும் சமாளிப்பேன். அதான் என் பலம்.

ஆர்டரக்கா: நாற்காலியையுமா?

கோட்டு: ...இதுல உக்காந்துக்கறேன் மேடம்.

சர்வீஸ்: இதுவரைக்கும் என்ன வித்துட்டிருந்தீங்க?

கோட்டு: பற்பசை சார். ரெண்டே வருஷத்துல என் ஏரியால விற்பனை ஒண்ணரை மடங்கு.

ஆர்டரக்கா: நல்ல விஷயம்தான். ஆனா பற்பசை தீர்ந்தா மறு மாசம் வாங்கியே ஆகணும். மோட்டாரை ஒரு தடவை மாட்டினா பத்து வருஷம் ஓடும். அந்த வாடிக்கையாளரை என்ன பண்ணுவீங்க?

கோட்டு: பத்து வருஷம் கழிச்சு... மறுபடி போய்ப் பாப்பேன் மேடம்.

சர்வீஸ்: சிரிக்காதீங்க அக்கா. பையன் பொய் சொல்லலை பாருங்க.

ஆர்டரக்கா: சிரிக்கலை, இருமல். அட, போன். இந்த நேரத்துக்குப் பாலத்தடிக் கடைக்காரராத்தான் இருக்கும்.

கோட்டு: மேடம், நான் எடுக்கட்டுமா? வாயால சொல்றதை விட செஞ்சே காட்டிடறேன்.

ஆர்டரக்கா: வேணாம் தம்பி, அவர் கொஞ்சம்...

சர்வீஸ்: எடுக்கட்டும் அக்கா, விடுங்க.

கோட்டு: வணக்கம் சார். உங்கள் மேலான அழைப்புக்கு... சார்? ...நான் யாருன்னா... இல்லை சார், நான் அவங்க இல்லை... சார், ஒரு நிமிஷம்... விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா சார்... சார், இதுல எங்கப்பாவை ஏன் சார் இழுக்கறீங்க...

ஆர்டரக்கா: குடுங்க இப்படி. அண்ணே, நான்தான். ...ம். ...ம். ...கத்துங்க, கத்தி முடிங்க, நான் இருக்கேன். ...முடிஞ்சுதா? தண்ணி குடிச்சீங்களா? சரி, எத்தனை மோட்டார் திரும்பி வந்துச்சு? ...மூணும் ஒரே தெருவா? அந்தத் தெருவுல கரண்ட் கம்பி மாத்தறாங்கன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? ...ஆங், கரண்ட் பத்தாம மோட்டார் காயில் புகைஞ்சிருக்கும். மோட்டாரைத் திட்டாதீங்க, அது என்ன பண்ணும்? சர்வீஸ் தம்பி காலைல உங்க கடைல இருப்பார். ...அது கிடக்கட்டும் அண்ணே, அந்த மூணு வீட்லயும் இப்போ தண்ணி இருக்கா? ...கைக்குழந்தை இருக்கற வீடா? அப்ப உங்க கடைல காட்சிக்கு வெச்சிருக்கீங்களே ஒண்ணு, அதைக் கழட்டிக் கொண்டு போய் மாட்டிடுங்க. நான் பொறுப்பு. ...என்னது, புது ஆர்டரா? பத்து எதுக்கு அண்ணே? அடுத்த மாசம் மழை வந்துடும். ஆறு போதும். ...எழுதிக்கிட்டேன். அண்ணியைக் கேட்டேன்னு சொல்லுங்க.

கோட்டு: மேடம்...

ஆர்டரக்கா: சொல்லுங்க தம்பி.

கோட்டு: அவர் பத்து கேட்டார். நீங்க ஆறுன்னு குறைச்சிட்டீங்க.

ஆர்டரக்கா: நாலு அவர் கடைல தேங்கினா அடுத்த மாசம் நான் போன் பண்ணும்போது எடுக்க மாட்டார். இப்ப எடுப்பார்.

கோட்டு: இங்க நீங்க என்ன போஸ்ட் மேடம்?

ஆர்டரக்கா: நானா? ஆர்டர் எழுதறேன்.

கோட்டு: ஆர்டர்... எழுதறீங்க. அப்போ நான் எதுக்கு சார் வந்தேன்?

சர்வீஸ்: இன்டர்வியூக்கு.

கோட்டு: சரிதான். சார், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். எனக்கு இந்த வேலை வரலைன்னாலும் பரவாயில்லை. இவங்களுக்குக் கீழ ஏதாவது இடம் இருந்தா ஒரு போன் பண்ணுங்க. கோட்டு இல்லாம வர்றேன்.

ஆர்டரக்கா: போயிட்டு வாங்க தம்பி. வெளில மண்பானைல தண்ணி இருக்கும், குடிச்சிட்டுப் போங்க.

சர்வீஸ்: என்ன அக்கா, இவரையும் அடிக்கவா?

ஆர்டரக்கா: நல்ல பிள்ளை. மனசு சுத்தம். ஆனா பாலத்தடிக்காரர் நாலு நாள்ல அழ வெச்சிடுவார். ரெண்டு வருஷம் பழகினா தேறும்.

சர்வீஸ்: அப்போ மிச்சம் இருக்கறது நாலாவது ஆள் மட்டும்தான்.

ஆர்டரக்கா: எங்க? மூணரைக்கு வரச் சொன்னது. மணி என்ன பாருங்க, மூணே முக்கால். நேரத்துக்கு வராத ஆளை முதல்ல அடிங்க.

சர்வீஸ்: லேடி அக்கா.

ஆர்டரக்கா: பொம்பளையா? ...அப்ப அஞ்சு நிமிஷம் பாக்கலாம். பஸ் கிடைச்சிருக்காது. பிள்ளைங்களை யார்கிட்டயாவது விட்டுட்டு வரணும். எங்க, அந்த ஃபைலைக் குடுங்க பாப்போம்.

சர்வீஸ்: நானே படிக்கறேன். உங்க கண்ணாடி வீட்ல இருக்கே.

ஆர்டரக்கா: அதை வேற நோட்டம் பாத்து வெச்சிருக்கீங்களா? சரி, படிங்க. என்ன படிப்பு?

சர்வீஸ்: பள்ளிக்கூடத்தோட சரி.

ஆர்டரக்கா: ...ஓ.

சர்வீஸ்: என்ன, ஓ?

ஆர்டரக்கா: ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க தம்பி.

சர்வீஸ்: விளம்பரத்துல டிகிரி அல்லது அனுபவம்னுதானே போட்டிருக்கு?

ஆர்டரக்கா: போடறதுக்கு என்ன, போடுவாங்க. பாவம், அதை நம்பி யாரோ ஒருத்தி உக்காந்து எழுதியிருக்கா.

சர்வீஸ்: எழுதினது தப்பா?

ஆர்டரக்கா: தப்புன்னு யார் சொன்னா? அதை எழுதறதுக்கே ஒரு தைரியம் வேணும். எழுதி முடிச்சப்புறம் அனுப்பலாமா, சிரிப்பாங்களான்னு கையில வெச்சுக்கிட்டு...

சர்வீஸ்: வெச்சுக்கிட்டு?

ஆர்டரக்கா: ஒண்ணுமில்லை. மேல படிங்க.

சர்வீஸ்: அனுபவம் நிறைய இருக்கு. ஏரியால இருக்கற எல்லாக் கடையும் தெரியுமாம். ஏன் இந்த வேலை வேணும்ங்கற இடத்துல இப்படி எழுதியிருக்காங்க. "கடைக்காரர் கத்துவது நம் மேல் உள்ள கோபத்தால் அல்ல. அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு வீட்டில் தண்ணீர் வரவில்லை. அந்த வீட்டை நினைத்துக்கொண்டு பேசினால் நமக்கும் கோபம் வராது."

ஆர்டரக்கா: இன்னொரு தடவை படிங்க.

சர்வீஸ்: நல்லா இருக்குல்ல?

ஆர்டரக்கா: அந்தத் தாளைக் குடுங்க.

சர்வீஸ்: கண்ணாடி இல்லையே...

ஆர்டரக்கா: குடுங்க தம்பி. ...இது நான் கசக்கிப் போட்டது.

சர்வீஸ்: ஆமா. போன செவ்வாய்க்கிழமை. குப்பைக்கூடைல போட்டதா நெனச்சீங்க. குறி தப்பி என் பெஞ்சுக்கு அடில வந்து விழுந்துச்சு.

ஆர்டரக்கா: கசங்கலே இல்லையே இதுல...

சர்வீஸ்: இஸ்திரி போட்டேன். கட்டின நாள்லேருந்து தன் சட்டையைக்கூடத் தேய்க்காத மனுஷன் காகிதத்தைத் தேய்க்கறாரேன்னு என் வீட்டுக்காரி வாயைப் பொளந்துட்டு நின்னா.

ஆர்டரக்கா: யாரைக் கேட்டு அனுப்பினீங்க? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா? நாலு பேர் பாத்துச் சிரிக்கறதுக்கா?

சர்வீஸ்: திட்டுங்க. திட்டி முடிங்க, நான் இருக்கேன்.

ஆர்டரக்கா: என் வசனத்தையே என்கிட்ட சொல்றீங்களா?

சர்வீஸ்: கேக்காம அனுப்பினது தப்புதான் அக்கா. ஆனா பாதிதான் அனுப்பினேன். கடைசில பாருங்க, கையெழுத்துப் போடற இடம் காலியாத்தான் இருக்கு. நீங்க போட்டாத்தான் அது செல்லும். போடலைன்னா கிழிச்சிடலாம். அதுக்குத்தான் காலைலேருந்து உக்காந்திருக்கேன்.

ஆர்டரக்கா: இருங்க. மனு போட்டவ நான்னா, என்னை எப்படி இந்தப் பக்கம் உக்கார வெச்சாங்க?

சர்வீஸ்: அதான் கூத்து. ஹெட் ஆபீஸ்ல யாருக்கு உங்க பேர் தெரியும்? எல்லாருக்கும் நீங்க ஆர்டரக்கா. மனுல இருக்கறது உங்க முழுப்பேர். கேள்வி கேக்க ஆர்டரக்கா, பதில் சொல்ல இந்தம்மான்னு ரெண்டு பட்டியலையும், மனுக்களையும் ஒரே கவர்ல போட்டு இங்க அனுப்பிட்டாங்க.

ஆர்டரக்கா: அடக் கடவுளே... அவங்களுக்குச் சொன்னீங்களா?

சர்வீஸ்: இன்னிக்குக் காலைல சொன்னேன். பெரிய மேடம் சிரிச்ச சிரிப்புல போனே அதிர்ந்துச்சு. அந்த ஒரு ஆளை நானே போன்ல கேட்டுக்கறேன், நாலு மணிக்குக் கூப்பிடறேன்னாங்க.

ஆர்டரக்கா: நாலு மணிக்கு வர்ற போன் எனக்கா?

சர்வீஸ்: உங்களுக்குத்தான்.

ஆர்டரக்கா: எனக்கு அந்த போனை எடுக்கப் பயமா இருக்கு தம்பி.

சர்வீஸ்: ஒரு நாளைக்கு அம்பது போன் எடுக்கற ஆளுக்கா?

ஆர்டரக்கா: அவங்கள்ளாம் கத்துவாங்க. எனக்குப் பழக்கம். இந்தம்மா மரியாதையா பேசுமே, அதுக்கு என்ன பதில் சொல்றது?

சர்வீஸ்: அப்ப அவங்களைக் கொஞ்சம் கத்தச் சொல்லவா?

ஆர்டரக்கா: சிரிக்க வைக்காதீங்க, எனக்கு அழுகை வருது.

சர்வீஸ்: வீட்ல சொல்லியிருக்கீங்களா?

ஆர்டரக்கா: பொண்ணுகிட்ட மட்டும். அவதான் எழுதும்மா எழுதும்மான்னு உயிரை எடுத்தா. அனுப்பிட்டியாம்மான்னு தினம் கேக்கறா. கசக்கிப் போட்டேன்னு சொல்ல மனசு வரலை. அனுப்பிட்டேன்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன்.

சர்வீஸ்: பொய் எங்க அக்கா? அனுப்பியாச்சே.

ஆர்டரக்கா: ...எனக்கு இந்த வேலை வேணும் தம்பி. ரொம்ப வேணும். மூணு பேர் அந்த நாற்காலில வந்து உக்காரும்போதும் உள்ளுக்குள்ள புசுபுசுன்னு பொறாமை வந்துச்சு. அதுக்காகத்தான் காலைலேருந்து எல்லாரையும் அடி அடின்னு... கோட்டுத் தம்பியைக்கூட. தப்பு இல்லையா அது?

சர்வீஸ்: மொத ரெண்டு பேரை நானும் அடிச்சிருப்பேன். கோட்டுக்குத்தான் உங்களுக்குக் கீழயே வேணுமாம், எடுத்துக்கோங்க.

ஆர்டரக்கா: பேனாவைக் குடுங்க.

சர்வீஸ்: இந்தாங்க.

ஆர்டரக்கா: எழுதலையே இது.

சர்வீஸ்: உதறுங்க, எழுதும்.

ஆர்டரக்கா: ...போட்டாச்சு. கோணலாப் போச்சு.

சர்வீஸ்: கோணலா இருந்தாலும் செல்லும். தோ, போனும் வந்தாச்சு. எடுங்க.

ஆர்டரக்கா: இருங்க. ஒண்ணு கேக்கணும். மோட்டாரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்லை. கடைக்காரங்களுக்கும் உங்களைப் பிடிக்கும். உங்களை ஏன் யாரும் கேக்கலை?

சர்வீஸ்: போன் அடிக்குது அக்கா.

ஆர்டரக்கா: அடிக்கட்டும். கேட்டாங்களா, இல்லையா?

சர்வீஸ்: எடுங்க முதல்ல...

ஆர்டரக்கா: தம்பி.

சர்வீஸ்: கேட்டாங்க. விளம்பரம் போடறதுக்கு முன்னாடியே, போன மாசமே என்னைத்தான் கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். நான் மேனேஜரானாலும் ஒரு கடைக்காரர் கூப்பிட்டா எழுந்து வந்து உங்களைக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்லணும். அதுக்கு உங்களுக்குக் கீழயே இருந்துட்டா எனக்கு நடை மிச்சம்... எடுங்க மேடம், அங்க காத்துட்டிருக்காங்க.