முஹைதீன் நானாவின்ர திருக்கை ரொட்டி

இல்ல தங்கச்சி, பழுதில்ல. நல்ல ரொட்டிதான். ஒரு கடி கடிச்சிட்டு வைச்சிட்டனெண்டு பாக்காதேங்கோ. நீங்கள் சாப்பிடுங்கோ. உங்கட பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு.

எனக்கு ஊர் வங்காலை. ஞாயிறெண்டா பூசை முடிஞ்ச கையோட வெளிக்கிட்டிடுவன். எங்க திருக்கை ரொட்டி விக்கினமோ, அங்க போய் ஒண்டு வாங்கிக் கடிச்சுப் பாக்கிறதுதான் வேலை. சிரியுங்கோ, சிரியுங்கோ. அறுவத்தாறு வயசில இதென்ன விசரெண்டு என்ர மகளும் கேக்கிறவள். அவள் பிரான்சில. ஒரே பிள்ளை.

முந்தி இஞ்சதான், இந்த மன்னார் பஸ் ஸ்ராண்டடியில, முஹைதீன் நானாவின்ர ரொட்டி வண்டில் நிண்டது. தொண்ணூறில முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு வெளியேத்தினாங்கள் எல்லோ, அதோட புத்தளத்துக்குப் போன மனுசன், சண்டை முடிஞ்ச பிறகு வந்து அதே இடத்தில திரும்ப வண்டிலைப் போட்டவர். திருக்கை மீனை அவிச்சு, உதிர்த்து, வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கிப் போட்டு வறுப்பார். அதை ரொட்டிக்குள்ள வைச்சு முக்கோணமா மடிச்சு, தட்டில வாட்டித் தருவார். வேற என்ன போட்டாரோ, தெரியாது. கேட்டாச் சிரிப்பார்.

என்ர மனுசன் யோசேப்புக்கு அதெண்டா உயிர். கடல்தொழில் அவருக்கு. வலையில திருக்கை பட்டு, நான் வீட்டில வறை வறுத்தா முகத்தைச் சுழிப்பார். ஆனா ஞாயிறு பூசை முடிய சைக்கிளை எடுத்துக்கொண்டு மன்னாருக்கு ஓடுவார். என்ர பங்கையும் பேப்பரில சுத்திக்கொண்டு வருவார். கல்யாணம் கட்டின புதுசிலயும் அப்பிடித்தான், நானா திரும்பி வந்த பிறகும் அப்பிடித்தான்.

பிறகு நானா மௌத்தாப் போனார். பொஞ்சாதி உம்மு குல்சூம் மகளோட புத்தளத்துக்கே போயிட்டா. அடுத்த நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு இவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துபோச்சு. கதையும் நிண்டுபோச்சு.

ஓம் தங்கச்சி, ஒரு சொல்லும் இல்ல. எட்டு மாசம். நான் கதைப்பன், அவர் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடப்பார். கஞ்சியைப் பருக்கினா விழுங்குவார். இடியப்பத்தைப் பாலில ஊறவிட்டுக் குடுத்தா விழுங்குவார். நல்லா இருக்கோ, போதுமோ, ஒண்டும் இல்ல. நாப்பத்தொரு வருசம் சண்டை பிடிச்ச மனுசன். வீடு எப்பிடி இருந்திருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. நான் சில நேரம் வேணுமெண்டே சட்டியைப் போட்டுச் சத்தம் எழுப்புறனான்.

ஒரு ஞாயிறு, மனம் கேக்காமல், பேசாலையில ஒரு கடையில திருக்கை ரொட்டி இருக்கெண்டு கேள்விப்பட்டுப் போய் வாங்கியந்தன். தேத்தண்ணியில நனைச்சு ஒரு துண்டு வாயில வைச்சன். சப்பிப் பாத்தார். நாக்கால வெளிய தள்ளினார். தள்ளிப்போட்டு என்னைப் பாத்துச் சொல்லுறார், இது இல்ல, செலீனா.

என்ர பேர்! எட்டு மாசத்துக்குப் பிறகு. நான் அழுறனோ சிரிக்கிறனோ எண்டு எனக்கே தெரியேல்ல. பக்கத்து வீட்டு மாக்கிறட்டை ஓடிப்போய்க் கூட்டியந்தன். அவள் வந்து பாக்கேக்க மனுசன் பழையபடி முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார்.

அண்டையில இருந்து விடேல்ல. ஞாயிறெண்டா மாக்கிறட் வந்து அவரோட இருப்பாள், நான் பஸ் ஏறுவன். எருக்கலம்பிட்டி, தலைமன்னார், முருங்கன், சிலாவத்துறை. நறுவிலிக்குளத்தில கோயில் திருநாளுக்கு ஒருத்தர் கடை போட்டவர், அதையும் விடேல்ல. கொண்டந்து குடுப்பன். சப்புவார், தள்ளுவார். இது இல்ல, செலீனா. அவ்வளவுதான். திரும்ப அடுத்த ஞாயிறுதான் கதை.

டொக்டரிட்டக் கேட்டனான். மூளையில எங்கயோ அந்த இடம் மட்டும் முழிச்சிருக்காக்கும் எண்டார். எனக்கு அது போதும். மகள் அம்மா எண்டுவாள். ஊரில அன்ரி எண்டுங்கள், ஆச்சி எண்டுங்கள். தாய் தேப்பன் கூடப்பிறந்ததுகள் எல்லாம் போயிட்டுதுகள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேற ஆர் இருக்கினம், சொல்லுங்கோ?

கிடைச்சதோ எண்டோ கேக்கிறியள்?

கிடைச்சது. இலுப்பைக்கடவையில. றோட்டோரம் சிவபாக்கியம் எண்டு ஒரு பிள்ளை தகரக் கொட்டில் போட்டிருக்கு. ஒரு கடி கடிச்சன். அதேதான். அந்தக் கருகின வெங்காயம், அந்த உறைப்பு, எல்லாம். நானாவே நிண்டு சுட்ட மாதிரி.

ரெண்டு வாங்கினனான். பஸ்ஸில வரேக்க யோசிச்சன். இதைக் குடுத்தா மனுசன் பேசாமல் விழுங்கிப்போடுவார். பிறகு எனக்கு என்ன சொல்லப்போறார்?

ரெண்டையும் நானே திண்டன் தங்கச்சி. ஜன்னல் கரையில இருந்து, ஒரு துகளும் விடாமல். பிறகு மன்னாரில இறங்கி வேற கடையில ஒண்டு வாங்கிக்கொண்டு போனன். அவர் சப்பினார், தள்ளினார், என்ர பேரைச் சொன்னார். அடுத்த கிழமை குடுப்பம் எண்டு நினைச்சன். அடுத்த கிழமையும் அப்பிடியே செய்தன். மூண்டு ஞாயிறு.

ஓம், பாவந்தான். சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்திலகூட இன்னும் சொல்லேல்ல. உங்களை ஆரெண்டு தெரியாதபடியாச் சொல்லுறன்.

நாலாம் ஞாயிறு மனம் உறுத்திப்போச்சு. இலுப்பைக்கடவைக்குப் போய், சிவபாக்கியத்திட்ட அவருக்கெண்டு நல்லாப் பாத்து ஒண்டு வாங்கி, சேலைத் தலைப்பால பொத்திக்கொண்டு வந்தன். ஒழுங்கையால திரும்பிப் பாத்தா, எங்கட படலையடியில சனம் கதிரை போட்டுக்கொண்டு நிக்குது.

அவர் போய் நாலு மாசமாச்சு. ஞாயிறெண்டா இன்னும் வீட்டில இருக்க ஏலாமல் கிடக்கு. அதுதான் இப்பிடிக் கடை கடையா. இலுப்பைக்கடவைப் பக்கம் மட்டும் போறேல்ல.

மாக்கிறட் தான் சொன்னவள். அந்தக் கடைசி ஞாயிறு, நான் வெளிக்கிட்டுப் போய் ஒரு மணித்தியாலத்தால அவர் கண்ணை முழிச்சு ரெண்டு தரம் செலீனா, செலீனா எண்டவராம். ரொட்டியும் இல்ல, ஒண்டும் இல்ல. சும்மா கூப்பிட்டிருக்கிறார். நான் அப்ப பஸ்ஸில.