விரல் முளைச்ச காடு

கையைப் படகுக்குள்ள வைங்க சார். முதலையா? அது உங்க படத்துலதான் வரும். இங்க வேர்ல சிப்பி ஒட்டியிருக்கு, கிழிச்சிடும்.

நாத்தமா? சேறுன்னா சேறு மாதிரிதான் இருக்கும். போன தடவை படம் எடுக்க வந்தப்பவும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க. அப்பவும் நான்தான் துடுப்பு போட்டேன். ஞாபகமில்லையா? எப்படி இருக்கும், எங்க மூஞ்சிய எங்க பாத்தீங்க நீங்க.

படத்தைப் பாக்காம இருப்பேனா? ஊரே வண்டி வச்சுப் போய்ப் பாத்துச்சே. நம்ம அலையாத்திக் காடு வருதுன்னு ஆசை ஆசையா போனோம். பாத்தா பொணம், கடத்தல்காரன், புகை. நாங்க நண்டு புடிக்கிற எடத்துல ஏது சார் அவ்ளோ புகை? மீன் குஞ்சு பொரிக்கிற எடம், உங்களுக்குப் பொணம் போடற எடமா? சேத்துல விரல் விரலா நிக்குதே, அது வேரு சார். மரம் அதுலதான் மூச்சு விடுது. அதைப் போய் செத்தவங்க விரலு, காலைப் புடிச்சு இழுக்கும்னு... நல்லா வருது எனக்கு வாயில.

சிரிக்காதீங்க. கதைதான், எங்களுக்கும் தெரியும். என் தம்பி பொண்டாட்டிக்குத் தெரியலையே. டவுன்ல பொறந்தவ, இந்தக் காட்டையே மொதமொதல்ல உங்க படத்துலதான் பாத்தா. கட்டிக்கிட்டு இங்க வந்த பிறகும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டா. விரல் ஆடுது அண்ணின்னுவா. நாங்க கேலி பண்ணுவோம். நல்ல பொண்ணு சார், வாய் ஓயாது.

தோ, இந்த ஓடைதான். புயல்னா நாங்க யாரும் வீட்ல இருக்கமாட்டோம். படகை இதுக்குள்ள கொண்டாந்து, மரத்துக்கு மரம் கயிறு கட்டி, குஞ்சு குளுவானோட அதுலயே படுத்துக்குவோம். வெளிய என்ன ஆட்டம் போட்டாலும் உள்ள தண்ணி தளும்பும், அவ்ளோதான். எங்கப்பா காலத்துலயே அப்படித்தான். போன புயலுக்கும் வந்தோம். படகுல வந்தவங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

அவ வரல. கதவு நிலையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. தம்பி கெஞ்சுறான், இழுக்கறான், கால்லயே விழுந்துட்டான். செத்தாலும் வீட்லயே சாகறேன், அந்த விரலுங்களுக்கு நடுவுல என்னால இருக்க முடியாதுன்னுட்டா. இவளை விட்டுட்டு எப்படிக்கா வருவேன், நீ புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போன்னு அவனும் நின்னுட்டான். அப்புறம் கடல் வந்துச்சு. வீடு இருந்த எடமே தெரியல.

ம்? இல்ல சார், கடல் கொண்டு போகல. இந்த வேருங்கதான் புடிச்சு வச்சிருந்துச்சு ரெண்டு பேரையும். தோ, அந்த மரத்தடியில.

ரெண்டாம் பாகத்துக்குப் பொணம் கெடக்கற மாதிரி நல்ல எடமா காட்டச் சொன்னீங்கள்ல? வந்தாச்சு, இறங்கிப் பாத்துக்குங்க.