ஒரு ளகரப் பிழைத்திருத்த மனு

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் நகரசபை உறுப்பினர் பெருமக்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் தையற்காரர் தெருப் பொதுமக்களே! எல்லாருக்கும் மேலாக, மறைந்த நம் வக்கீல் ஐயாவின் மூக்குக்கண்ணாடியை இன்னும் கையிலேயே பிடித்திருக்கும் அம்மையார் அவர்களே! துயரம் தோய்ந்த என் வணக்கத்தை ஏற்றருள்க.

ஐயாவின் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் தட்டச்சுப் பணி ஆற்றியவள் நான். எனக்கு முன் பேசிய ஐவரும் அவரை 'விலக்கு வக்கீல்' என்றே அன்போடு குறிப்பிட்டார்கள். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். தையற்காரர் தெரு முனையில் அடுத்த வாரம் திறக்கவிருக்கும் கல்வெட்டிலும் அந்தப் பெயரையே பொறிக்கப்போவதாகத் தலைவர் அறிவித்தார். அப்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியோர்களே, தாளில் விழுந்த பிழையை அழிக்கலாம். கல்லில் ஏறிய பிழையை எதைக் கொண்டு அழிப்பது? ஆகவே, இம்மன்றத்தின் முன் ஒரு பிழைத்திருத்த மனு தாக்கல் செய்ய அனுமதி வேண்டுகிறேன்.

ஐயா எப்பேர்ப்பட்ட பொதுத்தொண்டர்! அஞ்சலகத்தின் எதிரே நடைபாதையில் விழுந்த பள்ளத்தின் ஆழத்தை அளக்கத் தாமே உள்ளே இறங்கினார். இறங்கியவருக்கு ஏறத் தெரியவில்லை. ஆள் வந்து தூக்கும்வரை நேரத்தை வீணாக்குவாரா? அங்கிருந்தபடியே அவர் சொல்லச் சொல்ல, நான் மேலே நின்று எழுதினேன். 'மனுதாரர் தற்போது மேற்படி பள்ளத்தினுள் இருக்கிறார்' என்பது அந்த மனுவின் முதல் வாக்கியம். அதைவிட வலுவான சாட்சியம் எந்த வழக்கில் உண்டு?

அத்தகையவரிடம் நான் வேலை கேட்டுச் சென்றபோது, பள்ளிக்கூடம் என்னை ஆறாம் வகுப்போடு வழியனுப்பியிருந்தது. அதன் பிறகு கற்றதெல்லாம் ஒரு பழைய அகராதியிடம், அகரம் தொடங்கி வரிசையாக.

"எழுத்துப் பிழை வராதே?" என்று கேட்டார்.

"வராது ஐயா. வந்தா அது அகராதியோட தப்பா இருக்கும்" என்றேன்.

"அகராதிய எதுத்து வழக்குப் போட முடியாதும்மா" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார். பதின்மூன்று ஆண்டுகள் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பதினான்காம் ஆண்டில் வந்தது தையற்காரர் தெரு மனு.

இந்த ஊரில் புதிய மின்கம்பத் திட்டம் அறிவிக்கப்பட்டிருந்த காலம் அது. தையற்காரர் தெருவுக்கோ இருந்தது ஒரே ஒரு விளக்கு. 'மேற்படி திட்டத்தில் எங்கள் தெருவுக்கு விளக்கு அளிக்குமாறு வேண்டுகிறோம்' என்று ஐயா சொன்னார். நகரசபைக்குப் போய்ச் சேர்ந்த தாளிலோ, 'எங்கள் தெருவுக்கு விலக்கு அளிக்குமாறு' என்றிருந்தது. ஓர் எழுத்து! ளகரத்துக்கு நாக்கு மேலே மடிய வேண்டிய இடத்தில் மடியவில்லை, அவ்வளவுதான்.

கேட்டதைக் கொடுக்க நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் அலுவலகம், கேட்காததை நான்கே நாளில் கொடுத்தது. உறுப்பினர்கள் மன்னிக்க வேண்டும். நான் மிகைப்படுத்தவில்லை, முத்திரைத் தேதி இருக்கிறது. 'கோரியபடி அத்தெருவுக்கு முழு விலக்கு அளிக்கப்படுகிறது.' ஐந்தாம் நாள் ஏணியோடு இருவர் வந்து, இருந்த ஒரு விளக்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

மூத்த தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். "வக்கீலய்யா, உங்க மனுவுக்கு என்னா சக்திங்க! இருந்த ஒண்ணையும் இறக்கிட்டுப் போயிட்டானுங்க! இன்னொரு மனு போட்ராதீங்க, வீட்டுக் கூரையையும் பிரிச்சிருவானுங்க!"

அவர் போனதும் ஐயா அலுவலக நகலை எடுத்துப் படித்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, தப்பு என்னோடது. நானே நகரசபைல போய்ச் சொல்லிடறேன்."

"கீழ கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது."

"நீங்க போய்ச் சொன்னா, நான் படிக்காமலே கையெழுத்துப் போடறவன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். என் மானம் உங்க கையிலதாம்மா இருக்கு. உக்காந்து அடுத்த மனுவ அடிங்க."

அவருடைய மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். காக்கப்பட்டது எவருடைய மானம் என்று எனக்கு அன்றே தெரியாதா? தெரியும், அன்பர்களே. தெரிந்தும் உட்கார்ந்தேன்.

நகரசபைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "வக்கீலுக்கு ல-வும் ள-வும் ஒண்ணா?" என்று கேட்டார். அவை குலுங்கியது. ஐயா அமைதியாக விடையிறுத்தார்: "ரெண்டும் எங்க தெருவுலதாங்க குடியிருக்கு. இருட்டுல ஆள் மாறிப்போச்சு. விளக்குப் போடுங்க, சரியாக் கூப்பிடறேன்."

பட்டப்பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் அழைத்தார்கள், நீதிமன்றப் படிக்கட்டில் அழைத்தார்கள், அவருடைய சொந்தச் சம்பந்தி, கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கி வைத்து அழைத்தார். ஒருமுறைகூட ஐயாவின் சுட்டுவிரல் என் மேசைப் பக்கம் நீளவில்லை.

பிறகு ஒன்பது ஆண்டுகள், நாற்பத்தொரு மனுக்கள்! 'விலக்கை விலக்கி விளக்கு வழங்குமாறு விளக்கமாக வேண்டுகிறோம்' என்ற வாக்கியத்தைப் படித்த நீதிபதி, "வக்கீல் சார், நாக்கு சுளுக்கிக்கிச்சு" என்று தண்ணீர் கேட்டார். தெரு சரிந்து இறங்கும் மருந்துக்கடைப் படிக்கட்டுவரை ஏழு விளக்குகள் வந்தன. படிக்கட்டுக்கு இன்னும் நான்கு வர வேண்டும். அதுவரை ஐயா தினமும் அந்தி சாயும்போது கைவிளக்கோடு படியில் நின்று, இறங்குவோர்க்கு ஒளி காட்டினார். "எனக்குத் தாலி கட்டறப்பக்கூட இவ்வளவு நேரம் அசையாம நின்னதில்ல" என்று அம்மையார் கடிந்துகொள்வார்கள். கடைசி நாளன்றும் அங்கு நின்றுவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

ஆகவே, என் மனுவின் வேண்டுகோள் இது. அந்தப் பிழையை அடித்த விரல்கள் இவை. இதோ, உயர்த்திக் காட்டுகிறேன். ஒன்பது ஆண்டுகள் அவர் சுமந்த பட்டத்தை இன்று என்னிடம் ஒப்படையுங்கள். கடைத்தெருவில் என்னை 'விலக்கு அம்மா' என்று அழையுங்கள், திரும்பிப் பார்ப்பேன். கல்வெட்டில் அவருக்கு உரியதை அவருக்கே வழங்குங்கள்: 'விளக்கு வக்கீல்'.

நாற்பத்திரண்டாவது மனு என் பையில் இருக்கிறது. நான்கு விளக்குகளும் எரியும்வரை அதை விடமாட்டேன் என்று அம்மையார் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். கைவிளக்கைக் கொடுத்தால் இன்று அந்திக்குப் படியில் நான் நிற்பேன். முதன்முறையாக மனுதாரர் இடத்தில் நானே கையெழுத்திட்டிருக்கிறேன். ஐயா செய்யாத ஒன்றையும் செய்திருக்கிறேன்: கையெழுத்திடும் முன், ஒவ்வொரு எழுத்தாக, ஏழு முறை படித்தேன்.

நாக்கு மடிந்திருக்கிறது, ஐயா. போய் வாருங்கள்.