வெள்ளியிலிருந்து வந்த முதல் சத்தம்

தோகிதா: …நிறுத்துங்க. நிறுத்துங்க இகுமி சான்! திரும்பப் போடுங்க.

இகுமி: எதை?

தோகிதா: எதையா? நீங்களும் ஹெட்ஃபோனக் காதுல மாட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க? ஆரம்பத்துல வந்துச்சே, அதை.

இகுமி: இரைச்சல். அங்க காத்தே கஞ்சி மாதிரி கெட்டியா இருக்கும். நம்ம மைக்குக்கு அது…

தோகிதா: இரைச்சல் ஜப்பானிய மொழி பேசுமா?

இகுமி: அப்படி என்ன பேசுச்சு?

தோகிதா: "சுடுது, சுடுது"ன்னு ஒரு ஆம்பளக் குரல்.

இகுமி: ஏதாவது டாக்ஸி ரேடியோ வந்து கலந்திருக்கும்.

தோகிதா: வெள்ளி கிரகத்துல ஏது நம்ம சகாமிஹாரா ஊரு டாக்ஸி?

இகுமி: காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. மொதல்ல அந்தச் சோத்துருண்டையப் பிரிச்சுத் தின்னு. காது தானா சரியாயிடும்.

தோகிதா: விளையாடாதீங்க! நாம அனுப்பின எந்திரம் வெள்ளியில போய் இறங்கி, ஈயமே உருகுற சூட்டுல ஒரு மணி நேரம் தாக்குப்பிடிச்சுட்டுச் செத்துப்போச்சு. அது அனுப்பின முதல் சத்தம் இதுதான். அதுல ஒருத்தன் "சுடுது"ங்கறான்!

இகுமி: மெதுவாப் பேசு. பக்கத்து ஹால்ல பத்திரிகைக்காரங்க உட்காந்திருக்காங்க.

தோகிதா: அதான் பிரச்சினையே. இன்னும் கொஞ்ச நேரத்துல நாடே இதக் கேக்கப்போகுது…

குசகபே: என்ன இங்க ரகளை? கேமராவெல்லாம் வச்சுக்கிட்டு அவங்க காத்துக்கிட்டிருக்காங்க. சத்தம் வந்துருச்சா, இல்லையா?

தோகிதா: வந்துருச்சு குசகபே சார். மொதல்ல உட்காருங்க. இந்தத் திட்டத்துக்கே தலைவர் நீங்க, மயங்கி விழுந்துட்டா எங்களால தூக்க முடியாது.

குசகபே: போடுய்யா.

தோகிதா: …கேக்குதா? "தள்ளி நில்லு, சுடுது, சுடுது." அப்புறம்… இதோ… ஒரு பொம்பள சிரிக்கிறாங்க. அதுக்கப்புறம்தான் காத்து.

குசகபே: இன்னொரு தடவை போடு.

தோகிதா: போடறேன், ஆனா இது என்னன்னு சொல்லுங்க சார். எவனாவது நம்மள வச்சு விளையாடுறானா? …இகுமி சான், நீங்க ஏன் அழறீங்க?

இகுமி: அந்தச் சிரிப்பு… என்னோடது.

தோகிதா: என்னது?

இகுமி: பேசறது ஷுன்சாகு. என் வீட்டுக்காரர். நீ இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். அந்த மைக்கைச் செஞ்சவரே அவருதான். உலையில வச்சுச் சோதிச்சுப் பாத்துட்டு, அவசரத்துல வெறுங்கையால எடுத்துட்டார். கத்தினார். நான் சிரிச்சேன். மைக் ஓடிக்கிட்டிருந்துச்சு.

தோகிதா: அட… பழைய சோதனைப் பதிவா! அழிக்காம விட்டுப்போச்சு, அவ்வளவுதானே? எனக்கு உசிரே போயிடுச்சு…

இகுமி: அழிக்காம எங்க விட்டுப்போச்சு? நான் அழிச்சேன் தோகிதா!

தோகிதா: என்ன சொல்றீங்க?

இகுமி: ராக்கெட்ல ஏத்தறதுக்கு முன்னாடி மைக்கோட பதிவுப் பெட்டியில இருக்கற எல்லாத்தையும் சுத்தமா அழிக்கணும், அது என் பொறுப்பு. அவரு சாம்பல வீட்டுக்குக் கொண்டுவந்த அதே வாரம். அவர் குரல ஒரே ஒரு தடவை கேட்டேன். கேட்டுட்டு என் கையாலயே அழிச்சேன். திரும்பத் திரும்பப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. வெறும் பெட்டியாத்தான் போச்சு.

தோகிதா: அப்ப இது எப்படி…

இகுமி: அதத்தான் நானும் கேக்கறேன்! முதல் வார்த்தையிலேயே எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. இரைச்சல், டாக்ஸின்னு உளறினேன். அழிச்ச குரல் அங்கேருந்து எப்படி வரும்? எனக்குப் பயமா இருக்கு சார். நான் பொய் சொல்லல.

குசகபே: தோகிதா… காத்துச் சத்தம் முழுசா இருக்கா?

தோகிதா: கடைசி வரைக்கும் இருக்கு. துளி குறையல. என்ன ஒரு சத்தம் சார் அது… முன்னாடி ஒட்டிக்கிட்டிருக்கறத வெட்டிடட்டுமா?

குசகபே: வெட்டினது தெரிஞ்சா காத்தையும் நம்ப மாட்டாங்க. அப்படியே போடு. நான் போய் அவங்ககிட்ட விளக்கம் சொல்லிட்டு வந்துடறேன். இன்னிக்கோட என் வேலை போகும். போகட்டும்.

இகுமி: உங்க வேலை ஏன் போகணும்? நான் அழிக்க மறந்துட்டேன்னு சொல்லிக்கறேன். எனக்கே புரியாதத நீங்க என்னன்னு போய் விளக்குவீங்க?

குசகபே: நீங்க சுத்தமாத்தான் அழிச்சீங்க. என்கிட்ட ஒரு நகல் இருந்துச்சு, திரும்ப ஏத்தினது நான்தான். ஆஸ்பத்திரியில ஷுன்சாகு என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, "எந்திரம் இறங்கறப்ப நான் இருக்க மாட்டேன், என்னையும் ஒரு ஓரத்துல ஏத்தி விட்டுடுடா"ன்னான்… "அவ சிரிப்ப மட்டும் வெட்டிடாதே"ன்னான்.