ஒரு தேக்கரண்டித் தண்ணீர்

கல்லுக்கென்று எடுத்துவைத்த கரண்டியைத் திரும்பச் சமையலறையில் போடக் கூடாது, ஐயா. நான் போட்டதில்லை. உங்கள் ஆட்கள் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டு முத்திரை வைத்த ஒன்பது கரண்டிகளும் வெறும் சாப்பாட்டுக் கரண்டிகள். நீங்கள் தேடுவது பின்தாழ்வாரத்தில், ஜன்னல் சட்டத்தின் மேல் இருக்கிறது. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருப்பேன். மெருகுப் பொடி வயிற்றுக்குள் போனால் நல்லதில்லை. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலில் இருந்தவளுக்கு இந்தச் சுத்தம் கூடவா இருக்காது?

கல்லுக்கு மெருகேற்ற உருளைப் பீப்பாயை விட்டுவிட்டு அதிர்வு இயந்திரத்தை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நேற்று விசாரிக்க வந்த இளைஞர் கேட்காமல் விட்டது.

என் கணவர் கென்சாகுவிடம் பீப்பாய்தான் இருந்தது. இந்த இதோயிகாவா கடற்கரையில் கல் பொறுக்குகிற வீடுகளில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கும். கல்லையும் மணல்பொடியையும் தண்ணீரையும் உள்ளே போட்டு மூடினால் வாரக்கணக்கில் கடகடவென்று உருண்டுகொண்டிருக்கும். கல் வழவழப்பாகும், ஆனால் மூக்கும் முழியும் தேய்ந்துபோகும். எந்தக் கல்லைப் போட்டாலும் ஒரே உருண்டையாக வெளியே வரும். அதிர்வு இயந்திரம் அப்படியில்லை. வில்கம்பிகள் மேல் ஒரு கிண்ணம் உட்கார்ந்திருக்கும், அடியில் மோட்டார். கிண்ணம் நடுங்க நடுங்கக் கற்கள் ஒன்றையொன்று தடவிக்கொண்டு மெதுவாகச் சுற்றி வரும். வடிவம் அப்படியே இருக்க, மேல்தோல் மட்டும் பளபளக்கும். கடல் ஏற்கெனவே தேய்த்துக் கொடுத்த கல்லுக்கு அதுவே போதும்.

கடைக்காரர் இசுருகியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் என் கணவரின் நாற்பது வருடத் தோழர், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணி, வடிவம் கெடாதுங்கிறது சரிதான். ஆனா பீப்பாய் மாதிரி போட்டுட்டுப் போய்த் தூங்க முடியாது. இது கைக்குழந்தை. நேரா நேரத்துக்குப் பாக்கணும்" என்றார்.

"நான் வீட்டிலதானே இருக்கேன்" என்றேன்.

"சத்தமும் ஜாஸ்தி. அண்ணன் படுத்திருக்கிற வீடு."

"அவருக்குக் கல்லுச் சத்தம் கேட்டா சந்தோஷம்தான்."

இசுருகியின் கண் கலங்கிவிட்டது. இனாமாக ஒரு தடித்த ரப்பர் பாயைச் சுருட்டிக் கொடுத்தார். "சிமெண்டுத் தரையில இதைப் போட்டு அதுமேல வைங்க. பலகைத் தரையில வெறுமனே வச்சீங்கன்னா வீடே அதிரும்" என்றார்.

அந்தப் பாய் இன்னும் சுற்றின காகிதத்தோடு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

என் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஊரில் அவரைப் பிடிக்காதவர் இல்லை. விடியற்காலையில் அலை திரும்பியதும் கடற்கரைக்குப் போவோம், அவர் முன்னால், நான் பின்னால். நான் ஒரு கல்லை எடுத்து நீட்டினால் பாதி திரும்பிப் பார்ப்பார். "நரிக்கல்" என்பார். ஜேட் என்கிற விலைகூடிய பச்சைக்கல் மாதிரியே வேஷம் போட்டு ஏமாற்றுகிற கல்லுக்கு இங்கே அதுதான் பெயர். வாங்கிக் கடலில் எறிந்துவிடுவார். "உனக்குப் பொறுமை கிடையாது தொமிகோ. கண்ட கல்லை எல்லாம் அள்ளுற. கல்லு கூப்பிடற வரைக்கும் காத்திருக்கத் தெரியணும்" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். முப்பத்தெட்டு வருடத்தில் நான் எடுத்த கல் ஒன்று கூட எங்கள் வீட்டு வாசல்படியைத் தாண்டவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

போன வருடம் மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது, வலது பக்கம் போய்விட்டது, விழுங்குவதும் சிரமம். சளி தொண்டையில் வந்து நிற்கும். குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இடது கை மட்டும் நன்றாக இருந்தது. மலை ஓடைக்குப் போகும்போது கரடியை விரட்டப் பையில் கட்டிக்கொள்ளும் பித்தளை மணியை அந்த மணிக்கட்டில் கட்டிவிட்டேன். "அந்த மணி கேட்டா கையில இருக்கிறதை அப்படியே போட்டுட்டு ஓடணும்மா. சளி அடைச்சா நேரம் தராது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓடினேன். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, இருபது தடவை. ஆறு மாதத்தில் ஒரு தடவை கூட நான் தாமதித்ததில்லை. திங்களும் வியாழனும் வருகிற நர்ஸ் ஒகாபேயைக் கேட்டுப் பாருங்கள்.

"தைரியமா இருங்கம்மா, இதயம் நல்லா இருக்கு. இன்னும் பத்து வருஷம் கூட இருப்பார்" என்று அந்தப் பெண்தான் சொன்னாள். நல்ல மனதோடு சொன்னது. பத்து வருடம் பெரிய காலமில்லை.

ஒகாபே இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் நான் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தேன். தனியாக. நான் எடுத்த கற்களை நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் கல்லை அவர் பக்கத்தில் தட்டில் வைத்துக் காட்டினேன். வெள்ளையில் பச்சை ஓடிய கல், ஒரு மூலை கூர்மையாக, நாவல் விதை அளவு. அவர் அதைப் பார்த்தார். அப்புறம் இடது கையால் தட்டிவிட்டார். மணி ஓசையோடு கல் தரையில் விழுந்து உருண்டது. கட்டிலுக்கடியிலிருந்து அதை எடுத்துத் துடைத்து வைத்தேன். அடுத்த நாள்தான் இசுருகியின் கடைக்குப் போனேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

இயந்திரத்தைப் பின்தாழ்வாரத்தில் வைத்தேன். பலகைத் தரைதான். கணவரின் அறைக்குள் போய்த்தான் அங்கே போக முடியும். அவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாமே என்றுதான் அந்த இடம். ஜனவரி மாதம் தாழ்வாரத்தில் தண்ணீர் உறைந்துவிடும் என்று பக்கத்தில் ஓர் எண்ணெய் அடுப்பும் வைத்தேன். கிண்ணத்தில் முக்காலுக்கு மேல் கல் இருக்க வேண்டும், ஐயா. குறைந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நடுவில் மெத்தை மாதிரி சின்னப் பீங்கான் துண்டுகள் போட வேண்டும். பொடி ஒரு கரண்டி. தண்ணீரில்தான் எல்லாமே இருக்கிறது. கூடினால் பொடி கழுவிக்கொண்டு அடியில் போய்விடும். குறைந்தால் சேறு இறுகிக் கற்கள் மோதிக்கொள்ளும், மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காயம்படும். அப்படிப் பட்ட காயம் போகாது, மறுபடி முதலிலிருந்துதான்.

சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். காய ஆரம்பித்தால் கரகரவென்று சீறும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டால் அப்படியே குரல் தணிந்து முனகலாகிவிடும். எண்ணூறு பிள்ளைகளுக்கு மிசோ சூப் வைத்த அண்டாவின் கொதியைச் சத்தத்திலேயே கண்டுபிடித்தவள் நான். இது எனக்கு இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கிண்ணம் தாகமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

பக்கத்து வீட்டில் சத்தத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். நகோயாவிலிருக்கும் என் மகன் யூசுகேயிடம் போனில், "இந்தச் சத்தத்துல அப்பா மணியே சில சமயம் கேக்கமாட்டேங்குதுடா" என்றேன். "அப்படின்னா நிறுத்தித் தொலைம்மா" என்றான். "இன்னும் ஒரு வாரம்தான்" என்றேன். மணி கேட்பதில்லை என்று ஒகாபேயிடமும் பக்கத்து வீட்டிலும் சொன்னேன். மூன்று பேரிடம் சொன்னேன் என்று நீங்கள் எழுதிவைத்திருப்பது சரியே.

கடைசி மெருகுப் பொடியைச் செவ்வாய்க்கிழமை காலையில் போட்டேன். கென்சாகு இறந்தது புதன்கிழமை. எனக்கு ஜலதோஷம், மாத்திரை போட்டுக்கொண்டு பதினொன்றரைக்குச் சமையலறையில் படுத்தேன், அசந்துவிட்டேன், இயந்திரச் சத்தத்தில் மணி கேட்கவில்லை, ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு நான் சொன்னது இது. யாரும் சந்தேகப்படவில்லை. "ஆறு மாசமா நீங்க சரியாத் தூங்கவே இல்லையேம்மா" என்று ஒகாபே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

நான் செய்த ஒரே தப்பு நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தில்தான். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பொருளாகத் தேயிலையோ கடற்பாசியோ கொடுப்பதுதான் வழக்கம். தின்று தீர்ந்துவிட வேண்டும், துக்கம் வீட்டில் தங்கக் கூடாது. "தேயிலை கொடுப்பாங்க, கல்லையா கொடுப்பாங்க?" என்று யூசுகே தலையில் அடித்துக்கொண்டான். "அப்பாவுக்குக் கல்லுன்னா உசிருடா" என்றேன். வந்தவர்கள் அதைக் கேட்டு மூக்கைச் சிந்தினார்கள். சின்னத் துணிப் பையில் ஆளுக்கு மூன்று கல். எல்லாம் நான் எடுத்த கற்கள். முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு ஊர் முழுக்க அவற்றைக் கையில் வைத்துப் பார்க்கட்டுமே என்று இருந்தது. அது பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை இசுருகி வந்தார். மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை. துணிப் பையை மேசைமேல் வைத்தார்.

"அண்ணி, பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு காயம் இல்லை. அண்ணன் கூட இப்படி ஒரு மெருகு எடுத்ததில்லை."

அந்தச் சொல்லுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. "நன்றி" என்றேன்.

"கடைசிப் பொடி எப்ப ஓடுச்சு?"

"செவ்வாய் காலையில போட்டேன். புதன் சாயங்காலம் எடுத்தேன்."

அவர் பையின் வாயை இழுத்துக் கட்டினார். "தாழ்வாரத்துல அடுப்பு எரிஞ்சுது. ஒரு மணி நேரத்துக்கு மேல சேறு தாங்காது. நீங்க பதினொண்ணரையிலேருந்து அஞ்சு வரைக்கும் தூங்கினீங்க. அப்ப தண்ணி யாரு ஊத்துனா?"

இயந்திரத்தை அன்றைக்கு நிறுத்தி வைத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு நாளைச் சொல்லியிருக்கலாம். யோசித்தேன், ஐயா. ஆனால் அவ்வளவு நல்ல வேலையைத் தானாக நடந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான்" என்றேன்.

இசுருகி பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வாசலில் செருப்பு மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அன்று மாத்திரை போடவில்லை, தூங்கவும் இல்லை. காலையில் சளி எடுக்காமல் விட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கிண்ணம் சீற ஆரம்பித்தது, மணியும் அடித்தது. எழுந்து அவர் அறைக்குள் போனேன். தொண்டையில் கரகரப்பு கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். "இருங்க, தண்ணி ஊத்திட்டு வரேன்" என்றேன். தாழ்வாரத்துக்குப் போய் ஒரு தேக்கரண்டி ஊற்றினேன். கிண்ணத்தின் குரல் தணிந்தது. தணிந்ததும் மணி இன்னும் நன்றாகக் கேட்டது. அவர் கட்டிலைத் தாண்டி வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணிக்கு மறுபடி. "இருங்க." இரண்டு மணிக்கு மறுபடி. அப்போது முகம் நீலம் பாரித்திருந்தது. கையை உயர்த்த முடியாமல் மெத்தையில் தட்டிக்கொண்டிருந்தார், மணி துணிக்குள் மாட்டி மழுங்கலாகக் கேட்டது. போர்வையைச் சரி செய்துவிட்டேன். மூன்று மணிக்குப் போனபோது மணி அடிக்கவில்லை, கண் மட்டும் என்னோடு கதவு வரைக்கும் வந்தது. நான்கு மணிக்கு அதுவும் வரவில்லை. நான் ஒரு தேக்கரண்டி ஊற்றினேன். கற்கள் என்ன பாவம் செய்தன?

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வதற்கு முன் கற்களை எடுத்து மூன்று தண்ணீரில் கழுவித் துணியில் பரப்பினேன். சேறு காய்ந்து போனால் நுண்ணிய பிளவுகளில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு அரை மணி ஆயிற்று.

நான் அவரைத் தொடவே இல்லை. என் கையால் நடந்தது தண்ணீர் ஊற்றியது மட்டும்தான். சட்டம் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆத்திரத்தில் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் மேசைமேல் அந்தப் பை இருக்கிறதே, நாவல் விதை அளவுக் கல்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூர்மூலை கூட அப்படியே இருக்கிறது. எனக்குப் பொறுமை கிடையாது என்று முப்பத்தெட்டு வருடம் சொன்னார். பொறுமையில்லாத ஒருத்தியால் இப்படி ஒரு மெருகைக் கொண்டுவர முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.