காலி பாட்டில்

– பாட்டில் காலியா இருக்கே. பல்லி எங்க?

– பாறை இடுக்குல சார். சௌக்கியமா இருக்கு.

– விளையாடாதம்மா. யாரும் பாக்காத பல்லியைப் பாத்துட்டேன்னு போன்ல கத்தினது நீதானே?

– பாத்தேன். பிடிச்சேன். பிடிச்ச பிடியில வால் கழண்டு வந்துடுச்சு. அதைப் போட பாட்டில் மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் நெடி குப்புன்னு அடிச்சுது. விட்டுட்டேன்.

– விட்டுட்டியா! நான் சொல்றதைக் கேளு. நாளைக்குக் காலையில குவாரி அனுமதிக் கூட்டம். இது புது இனம்னு நாம நிரூபிக்கலேன்னா, மதியமே வெடி வெச்சு மலையை ஜல்லியாக்கிடுவாங்க.

– போட்டோ இருக்கு, அளவு இருக்கு, வால் இருக்கு.

– வாலை வெச்சு நாக்குதான் வழிக்கணும். குவாரி வக்கீல், ‘இது எங்க வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னாடி இருக்கிற பல்லி’ம்பான். முழு உடம்பு மேசையில இருந்தாத்தான் அவன் வாய் மூடும். இந்த மியூசியத்துல முப்பது வருஷமா அதான் வழக்கம்.

– தெரியுது சார். சுவரெல்லாம் பாட்டில். அதுல எத்தனைக்கு இன்னைக்கு வெளிய உயிரோட உறவுக்காரங்க இருக்காங்க?

– வாய் நீளுது உனக்கு.

– நீளட்டும். காப்பாத்துறோம்னு சொல்லி கொல்றதுக்கு இந்தக் கை வராது. வேணும்னா நீங்க ஏறிப் போங்க.

– என் முட்டிக்கு மலையா? நான் சொல்றதைக் கேளு. வெறுங்கையோட வந்து நின்னா வேலை போயிடும்.

– போகட்டும். இந்தாங்க அடையாள அட்டை. நாளைக்கு வெளியாளா வந்து அதே மேசை முன்னாடி நிப்பேன். வக்கீல் என்னைக் கேக்கட்டும். பாத்ததைப் பாத்தேன்னு சொல்ல எனக்கு என்ன பயம்?

– என்ன பிடிவாதம் இது! பதினொரு நாள் வெயில்ல அலைஞ்சு புத்தி கெட்டுப் போச்சு உனக்கு. எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஒண்ணே ஒண்ணு போனா போகட்டுமே. மத்ததெல்லாம் பிழைக்கும்ல?

– மத்தது எது சார்? எத்தனை பாத்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே. ஒரு இடுக்கு விடாம தேடினேன். இருந்தது அது ஒண்ணுதான். கையில பிடிச்சப்போ, வயித்துத் தோலுக்குள்ள ரெண்டு முட்டை தெரிஞ்சுது.